பழைய ஜப்பானியக் காசு: முதலில் எழுத்தா, தராசா, கைப்பேசியா?

சதுரத் துளையுள்ள ஒரு செப்புக் காசும் டிராகன் பொறித்த ஒரு வெள்ளிக் காசும் என் மேசையில் அருகருகே இருக்கின்றன. இரண்டும் ஜப்பானுடையவை, இரண்டிலும் எழுத்து இருக்கிறது. வெள்ளிக் காசின் எழுத்து அது அச்சான ஆண்டை நேராகச் சொல்லிவிடும். செப்புக் காசின் எழுத்தும் ஒரு காலத்தைச் சொல்கிறது, ஆனால் அது அந்தக் காசு பிறந்த காலம் அல்ல. அதே சமயம், செப்புக் காசு பெரும்பாலும் அசலாகவே இருக்கும். ஆண்டை அழகாகச் சொல்லும் அந்த வெள்ளிக் காசுதான் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஜப்பானியக் காசு சேர்க்கத் தொடங்குகிறவர்களிடம் இந்த வேறுபாட்டை யாரும் முதலில் சொல்வதில்லை. “செயலியில் படம் எடுத்துப் பாருங்கள்” என்பார் ஒருவர். “பட்டியல் புத்தகம் வாங்குங்கள்” என்பார் இன்னொருவர். தராசு வாங்கச் சொல்பவர், எழுத்துப் படிக்கச் சொல்பவர், தெரிந்தவரிடம் காட்டச் சொல்பவர் என்று ஆளுக்கொரு வழி. ஐந்திலும் ஓரளவு உண்மை இருக்கிறது. எந்தக் காசுக்கு எதை முதலில் செய்வது என்பதுதான் முடிவெடுக்க வேண்டிய விஷயம். அதைத் தவறாகத் தொடங்கினால் நேரமும் பணமும் போகும், எனக்குப் போயிருக்கிறது.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். துளைக் காசு என்றால் கண்ணும் எழுத்தும் முதலில், பிறகு காந்தம். டிராகன் காசு என்றால் எழுத்துக்குப் பத்து நிமிடம், மீதி நேரமெல்லாம் தராசுக்கு. கோபான் என்ற பழைய தங்கக் காசு என்றால் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான், வல்லுநரிடம் போக வேண்டும். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதுதான் இனி வருவது.

பெயர் வேறு, பிறந்த ஆண்டு வேறு

நம் கைக்கு வரும் ஜப்பானியத் துளைக் காசுகளில் பெரும்பாலானவை ‘கன்எய் ட்சூஹோ’ என்ற பெயர் தாங்கியவை. நான்கு எழுத்துகள். மேலே ஒன்று, கீழே ஒன்று, பிறகு வலம், இடம் என்று படிக்க வேண்டும். ஜப்பானியர்கள் காலத்தைப் பெயரிட்ட ஆண்டுத்தொகுதிகளாகப் பிரிப்பார்கள். கன்எய் என்பது 1624 முதல் 1644 வரையிலான ஆண்டுத்தொகுதியின் பெயர். இந்தப் பெயரில் முதல் காசு மிட்டோவில் 1626இல் வார்க்கப்பட்டது. எடோவிலிருந்து (இன்றைய தோக்கியோ) ஆண்ட அரசு 1636இல் அதிகாரபூர்வமாக வார்க்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஆண்டுத்தொகுதிகள் எத்தனையோ மாறின, காசின் பெயர் மட்டும் மாறவில்லை. 1860கள் வரை, இருநூறு ஆண்டுகளுக்கு மேல், அதே நான்கு எழுத்தோடு வார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே “கன்எய் என்று படித்துவிட்டேன், எனவே 17ஆம் நூற்றாண்டு” என்று ஒருவர் சொன்னால் அவர் பாதி வழியில் நின்றுவிட்டார் என்று பொருள்.

மீதி வழியைக் காட்டுவது இரண்டு இடங்கள். முதலாவது, இடப்பக்கம் இருக்கும் ‘ஹோ’ என்ற எழுத்தின் அடி. அந்த எழுத்து இரண்டு சின்னக் கால்களில் நிற்கும். பழைய காசுகளில் அந்தக் கால்கள் ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைத்தது போல ஒட்டி இருக்கும். புதியவற்றில் கூரைச் சரிவு போல இரண்டும் விலகி நிற்கும். எல்லைக் கோடு 1668. ஒட்டிய கால் என்றால் அதற்கு முந்தையது, ‘பழைய கன்எய்’. விலகிய கால் என்றால் 1668 முதல் வந்தது, ‘புதிய கன்எய்’. பழைய ரகத்தின் வார்ப்பை 1659 வாக்கிலேயே நிறுத்தியிருந்தார்கள் என்பதால், ஒட்டிய கால் கண்டால் முப்பத்துமூன்று வருட இடைவெளிக்குள் வந்துவிட்டோம். ஒரு பூதக்கண்ணாடியும் இரண்டு கோடுகளும்தான் இதற்கு வேண்டியவை. வேறெந்த வழியும் இவ்வளவு மலிவாக இவ்வளவு சொல்லாது.

இரண்டாவது இடம் பின்புறம். வெற்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாது. துளைக்கு மேலே ஒரு எழுத்து இருந்தால் அதுவே வார்த்த இடமோ காலமோ ஆகிவிடும். ஒரு புள்ளி, அதன் கீழ் ஒரு கிடைக்கோடு, அதன் கீழ் பெருக்கல் குறி போலக் குறுக்காகச் செல்லும் இரண்டு கோடுகள்: இது ‘புன்’. 1668 முதல் எடோவின் கமெய்டோவில் வார்த்தது, கன்புன் ஆண்டுத்தொகுதியைக் குறிக்கும் எழுத்து. கியோட்டோவில் நிலநடுக்கத்தில் சிதைந்த பெரும் புத்தர் சிலையை உருக்கி இதை வார்த்தார்கள் என்று ஒரு கதை ஜப்பானியர்களிடம் வழிவழியாக இருக்கிறது. அதனாலேயே இதற்கு ‘புத்தர் காசு’ என்ற பெயரும் உண்டு. இரண்டு கிடைக்கோடும் கீழே இரண்டு காலும் இருந்தால் ‘கென்’, ஒசாகாவில் 1741 வாக்கில் வார்த்தது. ‘பாதம்’ என்று பொருள்படும் எழுத்து அஷியோ செப்புச் சுரங்கத்தைக் காட்டும். ‘நீளம்’ என்று பொருள்படுவது நாகசாகி. நடுவில் ஒரு நிமிர்ந்த கோடும் இரு பக்கம் இரண்டு சிறு கோடுகளும் இருந்தால் எடோவின் கொஉமே கிராமம்.

பின்புறம் முழுவதும் வளைவு வளைவாக அலைகள் இருந்தால், அது ஒரு மோன் அல்ல, நான்கு மோன் (மோன் என்பது அந்தக் காலத்துச் சில்லறை அலகு). அலைகளை எண்ணுங்கள். இருபத்தொரு அலை என்றால் 1768இல் தொடங்கிய முதல் ரகம். பதினொரு அலை என்றால் 1769 முதல் வந்தவை. வார்ப்பது சிரமமாக இருந்ததால் அலைகளைக் குறைத்தார்கள். அலையை எண்ணி ஆண்டைச் சொல்ல முடிகிற காசு வேறு எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இதே பெயர்ப் பொறி மற்ற காசுகளிலும் உண்டு. நீள்வட்டமாக, உள்ளங்கையில் கனமாக உட்காரும் ‘தென்போ ட்சூஹோ’ 1835இல் வந்தது. தென்போ ஆண்டுத்தொகுதி 1844இல் முடிந்துவிட்டது, காசை 1870 வரை வார்த்தார்கள். பின்புறத்தில் ‘நூற்றுக்குச் சமம்’ என்று எழுதியிருக்கும், கடைவீதியில் எண்பது மோனுக்குத்தான் ஓடியது. அரசு வார்த்தது போக, பல சிற்றரசுகள் கள்ளத்தனமாகவும் வார்த்தன. சேகரிப்பவர்கள் இன்று தேடுவதே அந்தச் சிற்றரசுக் காசுகளைத்தான். ‘புன்க்யூ எய்ஹோ’ மட்டும் கொஞ்சம் நேர்மை: 1863 முதல் 1867 வரை, அவ்வளவுதான். பெயரைப் படித்தாலே காலம் கைக்கு வந்துவிடும்.

துளைக் காசில் இன்னொரு சிக்கல், அது ஜப்பானியக் காசுதானா என்பது. ஜப்பான் 708இல் ‘வாடோ கைச்சின்’ வெளியிட்டு, 958 வரை பன்னிரண்டு வகைக் காசுகளை அரசின் பேரில் வார்த்தது. பிறகு பல நூற்றாண்டுகள் சொந்தமாகப் பெரிய அளவில் வார்க்கவில்லை. சீனத்திலிருந்து கப்பலில் வந்த சோங், மிங் காசுகளையே புழங்கினார்கள். நம் மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரங்களில் மண்ணுக்குள்ளிருந்து குவியலாகக் கிடைத்த சீனக் காசுகளின் உறவினர்கள்தான் ஜப்பானியச் சந்தையிலும் ஓடின. போதாததற்கு, 1659 முதல் 1685 வரை நாகசாகியில் ஏற்றுமதிக்கென்றே சோங் அரசர்களின் ஆண்டுப்பெயர் போட்டுக் காசு வார்த்தார்கள். சீனப் பெயர், ஜப்பானிய வார்ப்பு. எழுத்தைப் படிப்பதாலேயே ஏமாறக்கூடிய இன்னொரு இடம் இது. எழுத்தின் பாணியைப் பழகிய கண்தான் பிரிக்கும். இதோடு, காசு போலவே வட்டமும் துளையுமாக, ஆனால் எபிசு, தைக்கோக்கு தெய்வங்களோ குதிரையோ பொறித்து வருபவை காசே அல்ல. அவை ‘எசென்’, வேண்டுதலுக்கும் விளையாட்டுக்கும் வார்த்த படக்காசுகள்.

டிராகன் காசில் முப்பது எழுத்து போதும்

1871 ஏப்ரலில் ஒசாகாவில் நாணயச்சாலை திறந்தது. இயந்திரங்கள் ஹாங்காங்கில் மூடப்பட்ட நாணயச்சாலையிலிருந்து வாங்கியவை. டிராகனைச் செதுக்கியவர் கனோ நட்சுஓ, வாள் அணிகலன்களில் கைதேர்ந்த சிற்பி. அந்த டிராகனின் செதில்களைப் பூதக்கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள். எஃகு அச்சில் இவ்வளவு மென்மையை வெட்டிய கையை மறக்க முடியாது. போலிகளைக் கண்டுபிடிக்கவும் அந்தச் செதில்களே உதவும்.

இந்த அச்சுக் காசுகளில் ஆண்டு எழுதியே இருக்கும். ஆனால் நம் கண்ணுக்கு இரண்டு தடைகள். ஒன்று, அரசர் ஆட்சியாண்டு. மற்றது, வலமிருந்து இடமாக எழுத்து. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில்தான் திசை இடமிருந்து வலமாக மாறியது. பழைய காசில் வட்டத்தின் மேற்பகுதியில் வலக்கோடியிலிருந்து தொடங்கிப் படியுங்கள். முதல் மூன்று எழுத்து ‘தைநிப்போன்’, பெரும் ஜப்பான்: கை கால் விரித்து நிற்கும் மனிதன், நடுவில் கோடிட்ட பெட்டி, அடியில் ஒரு சிறு கோடுள்ள மரம். கொரியாவின் கடைசி அரசுக்காக 1905 முதல் இதே ஒசாகாவில் இதே போன்ற டிராகனோடு காசு அடித்தார்கள். அவற்றில் விரிந்த மனிதனுக்குப் பிறகு பெட்டி வராது, கோடுகள் நெருங்கிய ஒற்றை எழுத்து வரும். பெட்டியும் மரமும் இல்லையென்றால் அது ஜப்பான் அல்ல.

அதற்கு அடுத்த இரண்டு எழுத்து அரசரின் ஆண்டுத்தொகுதி. நான் புதியவர்களுக்குச் சொல்வது, இரண்டாவது எழுத்தை மட்டும் பாருங்கள் என்றுதான். அதன் இடப்பக்கம் மூன்று துளிகள் தெறித்திருந்தால் மெய்ஜி. எல்லாமே நேர்க்கோடுகளாக, ஐந்தே கோட்டில் முடிந்தால் தைஷோ. நாம் ஐந்தைந்தாக எண்ணும்போது நான்கு கோட்டைக் குறுக்கே வெட்டுவோமே, ஜப்பானியர்கள் அதற்கு இந்த எழுத்தைத்தான் ஒவ்வொரு கோடாக எழுதிச் சேர்ப்பார்கள். இடப்பக்கம் ஒரு பயிர்ச் செடி, வலப்பக்கம் ஒரு வெற்றுப் பெட்டி என்றால் ஷோவா. தைஷோவின் முதல் எழுத்தும் அதே ‘விரிந்த மனிதன்’தான் என்பதால் அந்தக் காசுகளில் மனிதன் இரண்டு தடவை வருவான், குழம்ப வேண்டாம்.

பிறகு எண். ஒன்று, இரண்டு, மூன்று என்றால் அத்தனை கிடைக்கோடு. பத்து என்றால் கூட்டல் குறி. எட்டு என்றால் சேராத கூரை. நான்கு என்றால் உள்ளே இரண்டு திரைச்சீலை தொங்கும் ஜன்னல். மூன்று, பத்து, எட்டு என்று வந்தால் முப்பத்தெட்டு. கடைசியில் ‘ஆண்டு’ என்ற எழுத்து. மெய்ஜி ஆண்டோடு 1867ஐக் கூட்டுங்கள், தைஷோவோடு 1911, ஷோவாவோடு 1925. மெய்ஜி 38 என்றால் 1905. முதலாம் ஆண்டுக்கு மட்டும் ஒரு கோடு போட மாட்டார்கள், ‘தொடக்கம்’ என்ற எழுத்து வரும். முன்னே ஒசாகாக் காசின் பின்புறத்தில் பார்த்த அதே இரண்டு கோடும் இரண்டு காலும்தான்.

இன்று ஜப்பான் போய்வருகிறவர்கள் கொண்டுவரும் காசுகளில் 5 யென் பித்தளைக் காசுதான் அதிகம் கேள்விக்கு உள்ளாகிறது, ஏனென்றால் அதில் நாம் படிக்கிற எண் ஒன்றுகூட இல்லை. ஷோவா காலத்துக் காசு என்றால் இதே முறையில் அதையும் படித்துவிடலாம். தூரிகையால் எழுதினதுபோல எழுத்து இருந்தால் 1958 வரை, தட்டையான அச்செழுத்து என்றால் 1959 முதல்.

தராசும் காந்தமும்

சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் மெய்ஜி வெள்ளி யென் ஒன்று வாங்கினேன். ஆண்டைத் தப்பில்லாமல் படித்தேன், அதில் எனக்கு அப்போது பெருமையும் இருந்தது. வீட்டுக்கு வந்து எடை போட்டபோது மூன்று கிராமுக்கு மேல் குறைந்தது. படிக்கத் தெரிந்தவனை ஏமாற்றுவதற்காகவே போலியில் எழுத்தைச் சரியாகப் போடுகிறார்கள். அன்றிலிருந்து கைத்தராசு இல்லாமல் வெள்ளிக் காசு வாங்கப் போவதில்லை. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

வெள்ளி யென்னுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் இவை. எடை 26.96 கிராம், வெள்ளி 90 சதவீதம், விட்டம் தொடக்கத்தில் 38.6 மில்லிமீட்டர், 1887 வாக்கிலிருந்து 38.1. மெக்சிகோ வெள்ளியோடு போட்டி போட 1875 முதல் 1877 வரை அடித்த வணிக டாலர் மட்டும் 27.22 கிராம். தேய்ந்த காசு சற்றுக் குறையலாம், அரை கிராமுக்கு மேல் குறைந்தால் நான் கீழே வைத்துவிடுவேன். எடை சரியாக இருந்தாலும் தண்ணீர்ச் சோதனை ஒன்று உண்டு. தராசின் மேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிடுங்கள். தராசு 2.6 கிராம் அருகில் காட்ட வேண்டும். எடையை ஒப்பேற்றிய பித்தளைப் போலி மூன்றைத் தாண்டிவிடும். இந்தச் சோதனையை எந்தப் பூச்சாலும் ஏமாற்ற முடியாது.

எழுத்தும் எடையும் சேர்ந்தால் இன்னொரு கண்ணி கிடைக்கும்: அடிக்கவே படாத ஆண்டுகள். வெள்ளி ஒரு யென் 1870 தேதியில் இருக்கிறது, அடுத்தது 1874தான். மெய்ஜி 4, 5, 6 கிடையாது. 1897இல் ஜப்பான் தங்க அடிப்படைக்கு மாறியதால் மெய்ஜி 31, 32, 33இலும் கிடையாது. கடைசி ஆண்டு தைஷோ 3, அதாவது 1914. இந்த இடைவெளிகளில் ஓர் ஆண்டைப் படித்தால் தராசை எடுக்கவே வேண்டாம்.

தங்க அடிப்படைக்கு மாறியபோது திரும்பப் பெற்ற வெள்ளி யென்களில் வட்டத்துக்குள் ‘கின்’ என்ற எழுத்தை, அதாவது வெள்ளி என்பதை, மேல்முத்திரையாகக் குத்தினார்கள். இடப்பக்கம் குத்தினால் ஒசாகா, வலப்பக்கம் என்றால் தோக்கியோ. இந்த முத்திரையைப் பழுது என்று நினைத்து விலை குறைத்துக் கேட்கிறவர்கள் உண்டு. அது அந்தக் காசின் வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வெள்ளி யென் புழங்கியது. அங்கே உழைத்து ஊர் திரும்பிய நம்மவர் பெட்டிகளில் டிராகன் காசு கிடைத்தால் அதற்கு இந்த வழியும் இருக்கிறது. சீன வணிகர்கள் சோதித்துக் குத்திய சின்னச் சின்ன முத்திரைகளும் அவற்றில் இருக்கலாம். ஒரு வேண்டுகோள்: பித்தளைக் குத்துவிளக்கு போல இவற்றைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நூற்றைம்பது வருடத்துக் கருமை போனால் அதைத் திரும்ப வரவழைக்க முடியாது. விலையும் கூடவே போகும்.

துளைக் காசில் தராசு அவ்வளவு உதவாது. கையால் வார்த்தவை, ஒரே வார்ப்பிலேயே எடை ஏறி இறங்கும். ஆனால் விட்டம் உதவும். மணல் அச்சில் பதிக்க முதலில் ஒரு தாய்க்காசு செய்வார்கள். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் வார்த்த காசு தாயைவிடச் சிறியது. அசல் காசையே அச்சாக வைத்து ஒருவன் போலி வார்த்தால் அது இன்னும் ஒரு படி சுருங்கும். பெரிய அளவில் தெரிந்த ரகம் ஒன்று கொஞ்சம் சிறுத்து, எழுத்தும் மழுங்கி வந்தால் அங்கேதான் சந்தேகம் தொடங்க வேண்டும். காந்தமோ துளைக் காசுக்குக் கால எல்லையே போட்டுவிடும். இரும்பில் ஒரு மோன் கன்எய் 1739 முதல்தான் வந்தது. இரும்பில் நான்கு மோன் 1860 முதல். செப்பு கிடைக்காமல் போனதின் தழும்பு அது. டிராகன் வெள்ளியைக் காந்தம் இழுத்தால் பேச்சே இல்லை, போலி.

பட்டியல், கைப்பேசி, வல்லுநர்

பட்டியல் இல்லாமல் சேகரிப்பு இல்லை, ஆனால் அது இரண்டாவது படி. எழுத்தைப் படித்து ஆண்டுத்தொகுதியும் மதிப்பும் தெரிந்த பிறகு பட்டியலில் ஒரே நிமிடத்தில் காசைப் பிடிக்கலாம். படிக்காமல் படத்தைப் படத்தோடு ஒப்பிட்டால் ஒரு மாலை முழுக்கப் புரட்டலாம். உலக நாணயங்களின் ஆங்கிலப் பட்டியல்கள் மெய்ஜிக்குப் பிந்தைய அச்சுக் காசுகளுக்குப் போதும். கன்எய் துளைக் காசின் நூற்றுக்கணக்கான வார்ப்பு வேறுபாடுகளுக்கு ஜப்பானியப் பட்டியல்கள்தான். மொழி தெரியாவிட்டாலும் உருவப்படங்கள் பேசும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால், உங்கள் டப்பாவில் எது அதிகம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கைப்பேசிச் செயலிகளை நான் வெறுக்கவில்லை. தெளிவான அச்செழுத்துள்ள ஷோவா காசைக் காட்டினால் நன்றாகவே சொல்கின்றன. வார்ப்புக் காசில் எழுத்து மழுங்கியிருந்தால் சீனம் என்றோ கொரியா என்றோ சொல்லிவிடும். சரியாகக் கன்எய் என்று கண்டுபிடித்தாலும் ‘1636’ என்று ஓர் ஆண்டைக் கொடுத்து நிறுத்திவிடும், அரசு வார்க்கத் தொடங்கிய ஆண்டு அது. பின்புறத்து ஒற்றை எழுத்தையும் இடப்பக்கத்து எழுத்தின் கால்களையும் பார்க்கச் சொல்லாது. படத்தில் எடையும் கிடையாது, ஆகவே போலி யென்னுக்கு அது அசலுக்குரிய விவரத்தையே எடுத்துக் கொடுக்கும். வாங்குவதற்கு முன் நம்பக்கூடிய கருவி அல்ல. வாங்கிய பிறகு எங்கே தேடுவது என்று கோடு காட்டும், அவ்வளவுதான்.

வல்லுநரிடம் போவது எப்போது? கன்எய் ஒரு மோன் காசுகளை ஜப்பானில் கைப்பிடி கைப்பிடியாக விற்கிறார்கள், 1953 முடியும் வரை சட்டப்படி ஒரு ரின் (யென்னில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மதிப்பில் அவை செல்லுபடியாகவும் இருந்தன. இவற்றுக்குச் சான்றிதழ் எடுக்கச் செலவிடுவது வீண். அரிய ஆண்டு வெள்ளி யென், நல்ல நிலையில் இருந்தால், பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பலாம். விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும்.

கோபான் தங்கக் காசு மட்டும் முற்றிலும் வேறு கணக்கு. அங்கே எடை அழகாகக் காலத்தைச் சொல்லும். 1601இல் தொடங்கிய கெய்ச்சோ கோபான் 17 கிராமுக்கு மேல். அரசின் கருவூலம் வற்ற வற்றக் காசும் மெலிந்து, 1860இன் மான்என் கோபான் 3.3 கிராமுக்கு வந்து நின்றது. எடோ ஆட்சி தேய்ந்த கதையைத் தராசிலேயே படிக்கலாம். ஆனாலும் தராசு கைவிடும் இடம் இங்கும் உண்டு. 1695இன் கென்ரோகு கோபான் எடையைக் குறைக்காமல், தங்கத்தை மட்டும் 57 சதவீதத்துக்கு இறக்கியது. 1736இன் கென்புன் கோபானும் 1819இன் புன்செய் கோபானும் இரண்டுமே 13.1 கிராம், இரண்டிலும் ஒரே ‘புன்’ எழுத்து. முதலாவதில் நேர் எழுத்து, இரண்டாவதில் ஓட்டெழுத்து. எண்பது வருடங்களைப் பிரிப்பது அந்த ஒரு வளைவுதான். நினைவுப் பொருளாக விற்கும் பித்தளைக் கோபான்களும் ஏராளம். ஜப்பானிய நாணய வணிகர்களின் கூட்டுறவுச் சங்கம் கோபான்களுக்கு ஆய்வுச் சான்றிதழ் தருகிறது. அந்தச் சான்றிதழ் இல்லாத கோபானை, எழுத்தும் எடையும் எவ்வளவு பொருந்தினாலும், தங்க விலைக்கு மேல் கொடுத்து நான் வாங்க மாட்டேன்.

என் மேசையில் மூன்றாவதாக ஒரு காசு இருக்கிறது. துரு தின்றுவிட்டது, முன்புறத்தில் ஓர் எழுத்தும் தேறவில்லை. செயலி ஒன்றும் சொல்லவில்லை, பட்டியலில் ஒப்பிட முகமே இல்லை. காந்தம் ஒட்டுகிறது. விட்டம் 28 மில்லிமீட்டர், அதாவது நான்கு மோன் அளவு. சாய்வாக வெளிச்சம் பிடித்தால் பின்புறத்தில் இரண்டு அலைகளின் வளைவு மட்டும் தெரிகிறது. இரும்பு, நான்கு மோன், அலை. 1860க்கு முந்தையதாக இருக்க வழியில்லை.